ஒரு சோறு பதமா?

“நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களில் இன்ன நொதியை இன்ன பொருள் அடக்கிவிட்டது” என்ற பாணியில் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. படிப்பவர் மனத்தில் உடனே ஒரு நம்பிக்கை பிறக்கிறது. வீட்டில் ஒரு நோயாளி இருந்துவிட்டால் அந்த நம்பிக்கை பன்மடங்காகிறது. செய்தியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்தவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், சோதனைச் சாலையின் தட்டிலிருந்து நோயாளியின் கட்டில் வரை உள்ள தூரம் எவ்வளவு என்பதை யாரும் அளந்து சொல்வதில்லை. அந்தத் தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கருத்து இதுதான்: அழற்சியின்போது எழும் சைகைகள் நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களில் சில நொதிகளைப் பெருக்குகின்றன, அந்த நொதிகள் புற்றை வளர்க்கின்றன, ஆகவே நொதியைத் தடுத்தால் புற்று அடங்கும். மூன்று படிகள் கொண்ட வாதம் இது. முதற்படி உறுதியானது. இரண்டாம் படியில் உண்மை உண்டு, முழுமை இல்லை. மூன்றாம் படியில் ஏறியவர்கள் பலமுறை சறுக்கி விழுந்தார்கள். ஏன் விழுந்தார்கள் என்று பார்ப்போம்.

அழற்சியும் புற்றும்

காயம் பட்ட இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். அழற்சி நமக்குப் பகையன்று. கிருமியை விரட்டவும் கிழிந்த திசுவைத் தைக்கவும் உடல் செய்யும் ஏற்பாடு அது. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஆண்டுக்கணக்கில் கனன்று கொண்டிருந்தால்தான் தொல்லை.

1863-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குழுமியிருப்பதைக் கண்டு, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதினார். 1986-இல் அமெரிக்க நோய்க்கூறியல் அறிஞர் ஹரால்டு டுவோராக், புற்றுக் கட்டிகள் ‘ஆறாத புண்கள்’ போன்றவை என்று எழுதினார். புண் ஆறும்போது புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, உயிரணுக்கள் பெருகுகின்றன. கட்டியிலும் இவையே நடக்கின்றன. புண்ணில் இவ்வேலைகள் நிற்கின்றன, கட்டியில் நிற்பதில்லை.

நுரையீரலில் இத்தொடர்பு வெளிப்படையாகவே தெரிகிறது. புகைப் பழக்கம், கல்நார்த் தூசி, சிலிக்கா தூசி ஆகியவை நுரையீரலில் நீடித்த அழற்சியை உண்டாக்குகின்றன. இவையே புற்றுநோயையும் உண்டாக்குகின்றன.

சைகை எப்படிச் செல்கிறது?

அழற்சி ஏற்பட்ட இடத்தில் ‘மேக்ரோஃபேஜ்’ எனப்படும் விழுங்கணுக்கள் பல புரதச் செய்திகளை வெளியிடுகின்றன. அவற்றுள் முக்கியமானது இன்டர்லூக்கின்-1 பீட்டா. இது அருகிலுள்ள நுரையீரல் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து பொருந்துகிறது. உடனே உயிரணுவுக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, செய்தி கைமாறிக் கொண்டே உள்ளே செல்கிறது.

இந்தச் சங்கிலியின் நடுவே இருப்பது என்.எஃப். காப்பா-பி என்னும் புரதம். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் இதைக் கண்டறிந்தனர். அமைதிக் காலத்தில் இப்புரதம் ஒரு காவற்புரதத்தின் பிடியில், உட்கருவுக்கு வெளியே, கட்டுண்டு கிடக்கும். அழற்சிச் சைகை வந்ததும் காவற்புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப். காப்பா-பி உட்கருவுக்குள் புகுந்து, குறிப்பிட்ட சில மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து அவற்றை இயக்கிவிடுகிறது. அப்படி இயக்கப்படும் மரபணுக்களில் ஒன்றுதான் நம் கதையின் நாயகனான காக்ஸ்-2 என்னும் நொதிக்கு உரியது. இதன் முழுப் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ்-2.

மரபணு இயங்கியதுமே நொதி பெருகிவிடும் என்று எண்ணக் கூடாது. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் பிழைத்திருக்கிறது என்பதும் முக்கியம். காக்ஸ்-2-இன் தூது ஆர்.என்.ஏ. இயல்பாக விரைவில் சிதையும் தன்மையது. அழற்சிச் சைகை அதன் ஆயுளையும் நீட்டுகிறது. ஒரு பக்கம் குழாயைத் திறந்துவிட்டு மறுபக்கம் தொட்டியின் ஓட்டையை அடைப்பது போன்றது இது. இரண்டும் சேர்ந்தால் தொட்டி நிரம்பாமல் என்ன செய்யும்?

நொதியின் வரலாறு

ஆஸ்பிரின் ஏன் வலியைத் தணிக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1971-இல் பிரிட்டிஷ் அறிஞர் ஜான் வேன், ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின்கள் உண்டாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். இதற்காக 1982-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர், சுவீடன் நாட்டு அறிஞர்கள் பெர்க்ஸ்டிராம், சாமுவேல்சன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் தாக்கும் நொதி ஒன்றல்ல, இரண்டு என்பது 1991-இல் தெரியவந்தது. காக்ஸ்-1 பெரும்பாலான திசுக்களில் எப்போதும் இருந்து, இரைப்பையின் உட்சுவரைக் காப்பது போன்ற அன்றாடப் பணிகளைச் செய்கிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழைத்தால் மட்டும் வருவது; அழற்சிதான் அதை அழைக்கும் குரல்.

இந்த நொதியின் விளைபொருளை எடுத்து, புராஸ்டாகிளாண்டின் இ-2 என்னும் இறுதிப் பொருளாக மாற்றும் இன்னொரு நொதியும் உண்டு. 1999-இல் ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிலையத்து ஆய்வாளர்கள் அதை இனங்கண்டனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஏ549 என்ற பெயருடைய நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைச் சேர்த்ததும் அந்த உயிரணுக்களில் இந்நொதியும் பெருகியது.

புராஸ்டாகிளாண்டின் இ-2 என்ன செய்கிறது? புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் துணை செய்கிறது. உயிரணுக்கள் மடியாமல் காக்கிறது. புற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. புற்றுக்கு இதைவிட நல்ல நண்பன் வேறு யார்? 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நுரையீரல் புற்றுநோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகளில், குறிப்பாகச் சுரப்பித் திசுப் புற்று வகையில், காக்ஸ்-2 மிகுதியாக இருப்பதை அறிவித்தனர். வாதம் முழுமை பெற்றுவிட்டது போலத் தோன்றியது. காக்ஸ்-2-ஐ மட்டும் தடுக்கும் செலகாக்சிப், ரோஃபெகாக்சிப் என்ற மருந்துகளும் மூட்டுவலிக்காக அப்போது கடைக்கு வந்துவிட்டிருந்தன. இனி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

தட்டில் இருப்பது யார்?

இங்கேதான் நாம் சற்று நின்று கேள்வி கேட்க வேண்டும். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானையில் உள்ள அரிசி எல்லாம் ஒரே வகை, ஒரே நேரத்தில் போட்டது, ஒரே தீயில் வெந்தது. அதனால்தான் ஒரு சோறு பதம் சொல்கிறது. இந்த நிபந்தனைகள் இல்லாத இடத்தில் பழமொழி செல்லாது.

ஏ549 உயிரணுக்கள் 1972-இல் அமெரிக்காவில், 58 வயதான ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை. அன்று முதல் இன்று வரை உலகெங்கும் உள்ள சோதனைச் சாலைகளில் அவை பெருகிக்கொண்டே இருக்கின்றன. அதாவது நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் பேசுவது ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு கட்டியைப் பற்றி. அந்தக் கட்டிக்குத் தனியான குணங்களும் உண்டு. வளர்ச்சியைத் தூண்டும் கே-ராஸ் மரபணு அதில் மாறியிருக்கிறது, நச்சுகளிலிருந்து உயிரணுவைக் காக்கும் ஏற்பாட்டைக் கட்டுப்படுத்தும் கீப்-1 மரபணுவும் மாறியிருக்கிறது, எல்.கே.பி.-1 என்னும் புற்றடக்கும் மரபணு செயலிழந்திருக்கிறது. வேறு நோயாளியின் கட்டியில் இம்மூன்றும் சரியாக இருந்து, வேறு மூன்று கெட்டிருக்கலாம்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அழற்சிச் சைகையையும் காக்ஸ்-2-ஐயும் இணைத்துக் காட்டிய தொடக்ககாலச் சோதனைகளில் பல, புற்றுநோயைப் பற்றியவையே அல்ல. ஆஸ்துமா போன்ற அழற்சி நோய்களை ஆராய்ந்தவர்கள், மனித நுரையீரலின் உட்படலத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ள எளிதில் வளரும் ஓர் உயிரணுவைத் தேடினர், ஏ549 கிடைத்தது. அவர்களுக்கு அது நலமான நுரையீரலின் பிரதிநிதி. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கோ அதே ஏ549 புற்றுநோயின் பிரதிநிதி. ஒரே சாட்சி இரு வழக்குகளில் எதிரெதிர்த் தரப்புக்காகச் சாட்சி சொன்னால் நீதிபதி என்ன நினைப்பார்? சாட்சி பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை; ஆனால் எந்தக் கேள்விக்கு அவர் விடையளித்தார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தீர்ப்பு எழுத முடியாது.

தட்டில் இல்லாதவை யாவை என்றும் பார்க்க வேண்டும். அங்கே இரத்தக் குழாய் இல்லை. வெள்ளையணு இல்லை. மூச்சுக்காற்று இல்லை. புராஸ்டாகிளாண்டின் இ-2 வெள்ளையணுக்களை மந்தமாக்குகிறது என்றோம். தட்டில் மந்தமாக்க ஒருவரும் இல்லை. விழுங்கணு சுரக்க வேண்டிய இன்டர்லூக்கினை அங்கே ஆய்வாளர் கையால் ஊற்றுகிறார். ஊற்றும் அளவு பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருக்கிறது. நலமானவரின் இரத்தத்தில் அது இருப்பது பிகோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அழற்சி உள்ள திசுவுக்குள் அளவு கூடுதலாக இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு கூடுதல் என்று கேட்காமல் விடலாகாது.

காலத்தையும் கவனியுங்கள். தட்டில் நடக்கும் சோதனை பெரும்பாலும் 24 மணி நேரத்திலோ 48 மணி நேரத்திலோ முடிகிறது. மனித நுரையீரலில் புற்று உருவாகப் பல ஆண்டுகள், சில வேளைகளில் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரு நாளில் பெருகும் நொதி, இருபது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதைத் தட்டு சொல்லாது.

இவ்வளவும் சொல்வதால் தட்டுச் சோதனை வீண் என்று பொருளாகாது. சைகை எந்தப் புரதத்திலிருந்து எந்தப் புரதத்துக்குச் செல்கிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை. புதிய நொதியையே கண்டுபிடிக்க அது உதவியதைப் பார்த்தோம். ‘எப்படி?’ என்ற கேள்விக்கு அது நல்ல விடை தருகிறது. ‘யாருக்கு, எப்போது, எவ்வளவு பயன்?’ என்ற கேள்விகளை அதனிடம் கேட்டதுதான் தவறு.

மருத்துவமனையில் நடந்தது

தொடக்கத்தில் நடந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளிவந்த ஓர் இரண்டாம் கட்ட ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய பயன் தெரியவில்லை. ஆனால் கட்டியில் காக்ஸ்-2 மிகுந்திருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, செலகாக்சிப் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. கேட்கும்போது நியாயமாகவே இருக்கிறது அல்லவா? நொதி உள்ளவருக்குத்தானே நொதித் தடுப்பான் பயன்படும்!

ஐரோப்பாவில் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2011-இல் வந்தன. நெதர்லாந்தில் 561 நோயாளிகள். சுவீடனில் 319 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துகளுடன் செலகாக்சிப். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. இரு நாடுகளிலும் ஆயுட்காலம் நீளவில்லை.

‘அங்கெல்லாம் காக்ஸ்-2 மிகுந்தவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று ஒரு சமாதானம் எஞ்சியிருந்தது. அதையும் சோதித்தார்கள். முன்பு நம்பிக்கையூட்டிய அதே அமெரிக்கக் குழுவினர், கட்டியில் காக்ஸ்-2 உள்ள நோயாளிகளை மட்டும் தேர்ந்து, 313 பேரைக் கொண்டு மூன்றாம் கட்ட ஆய்வை நடத்தினர். பயன் கிட்டும் அறிகுறியே இல்லாததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2017-இல் அம்முடிவை அவர்களே வெளியிட்டனர். தம் கருத்தைத் தாமே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, தோல்வியை மறைக்காமல் எழுதிய அவர்களைப் பாராட்ட வேண்டும். விஞ்ஞானம் வளர்வது இத்தகையவர்களால்தான்.

இந்த நாடகத்தின் இன்னொரு காட்சியையும் மறக்கலாகாது. ரோஃபெகாக்சிப் மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிப்பதாகத் தெரிந்ததால் 2004 செப்டம்பர் 30-ஆம் நாள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. காக்ஸ்-2 புற்றுக்கு மட்டும் நண்பனல்ல. இரத்தக் குழாய்களின் உட்சுவரில் நல்ல வேலையும் செய்து வந்தது. தட்டில் இரத்தக் குழாய் இல்லாததால் இது தெரியவில்லை.

இரு கட்டிகள் ஒரே அளவு காக்ஸ்-2 வைத்திருக்கலாம். ஒன்றில் அது வண்டியை இழுக்கும் மாடாக இருக்கலாம். மற்றதில் வண்டியின் பின்னால் ஓடிவரும் கன்றாக இருக்கலாம். கன்றைக் கட்டிப்போட்டால் வண்டி நிற்குமா? ஒரு நொதி மிகுதியாக இருப்பது வேறு. நோய் அதை நம்பியிருப்பது வேறு. கே-ராஸ் போன்ற மரபணுவே மாறிப்போன முற்றிய கட்டி, அழற்சிச் சைகை தரும் உந்துதலுக்காகக் காத்திருப்பதில்லை.

எதிர்பாராத ஒரு வெளிச்சம்

நொதியை விட்டுவிட்டு, சைகையையே தடுத்தால் என்ன? இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் பிடித்து முடக்கும் கனகினுமாப் என்ற எதிர்ப்புரதத்தை, மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரைக் கொண்ட ஆய்வில் கொடுத்துப் பார்த்தனர். நோக்கம் இதய நோயைக் குறைப்பது. 2017-இல் முடிவுகளைப் பார்த்தபோது, மிக உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது! அதே சமயம், மருந்து பெற்றவர்களிடையே உயிர்கொல்லும் தொற்றுகள் கூடியிருந்தன. அழற்சி நமக்குக் காவலாளியும் கூட என்பதற்கு இது சான்று.

உடனே மூன்று பெரிய ஆய்வுகள் தொடங்கின. ஏற்கெனவே புற்று முற்றியவர்களுக்கு, மற்ற மருந்துகளுடன் கனகினுமாப் கொடுத்த இரு ஆய்வுகள் 2021-இல் தோல்வி கண்டன. அறுவை செய்து கட்டியை நீக்கியவர்களுக்கு, நோய் திரும்பாமலிருக்கக் கொடுத்த மூன்றாவது ஆய்வும் 2022-இல் தோற்றது. இதில் மட்டும் 1,382 நோயாளிகள் பங்கு பெற்றனர்.

முதல் ஆய்வு இதயத்துக்காகத் திட்டமிடப்பட்டது; அதில் கண்ட நுரையீரல் புற்றுகள் மொத்தம் 129 மட்டுமே. ஆகவே அம்முடிவு தற்செயலாகவும் இருக்கலாம் என்று கருதுவது நியாயமே. ஆனால் இன்னொரு விளக்கமும் உண்டு. முதல் ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்குப் புற்று இன்னும் வெளிப்படவில்லை. பின்னைய மூன்றிலும் புற்று வந்துவிட்டது. வெள்ளம் வருமுன் அணைபோடுவதும், வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் அணைபோடுவதும் ஒன்றாகுமா?

நேர்வாளம் சொன்ன பாடம்

காலம் முக்கியம் என்பது புதிய கருத்து அன்று. 1940-களில் ஐசக் பெரன்புளூம் என்ற அறிஞர் சுண்டெலிகளின் தோலில் ஒரு சோதனை செய்தார். மிகக் குறைந்த அளவு புற்றூக்கியை முதலில் தடவினார், கட்டி வரவில்லை. பிறகு அதே இடத்தில் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினார்; கட்டிகள் முளைத்தன. ஆம், நம் சித்த மருத்துவர்கள் கடும் பேதி மருந்தாக அறிந்த அதே நேர்வாளம்தான். அது தோலில் அழற்சியை உண்டாக்கும். இவ்வகைச் சோதனைகளில் வரிசையை மாற்றி, நேர்வாள எண்ணெயை முதலிலும் புற்றூக்கியைப் பிறகும் தடவினால் கட்டிகள் தோன்றுவதில்லை. விதைத்த பிறகு நீர் பாய்ச்சினால் பயிர் வரும். நீரைப் பாய்ச்சி அது காய்ந்தபின் விதைத்தால் வருமா?

2023 ஏப்ரலில், லண்டனில் உள்ள ஃபிரான்சிஸ் கிரிக் நிலையத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பழைய பாடத்தை நுரையீரலில் மீண்டும் காட்டியது. இங்கிலாந்து, தென்கொரியா, தைவான், கனடா ஆகிய நாடுகளின் விவரங்களில், காற்றிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கூடும் இடங்களில், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறிய நுரையீரல் புற்றும் கூடுவதாக அவர்கள் கண்டனர். இவ்வகைப் புற்று புகைபிடிக்காதவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அதன்பின் 295 பேரின் புற்றில்லாத நுரையீரல் திசுவைச் சோதித்தனர். 18 விழுக்காட்டினரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும், 53 விழுக்காட்டினரிடம் கே-ராஸ் மாற்றமும் உறங்கிக் கிடந்தன. விதை பலரிடமும் இருக்கிறது. எல்லோருக்கும் புற்று வருவதில்லை. சுண்டெலிகளில், துகள்கள் விழுங்கணுக்களை நுரையீரலுக்கு வரவழைத்தன. அங்கே இன்டர்லூக்கின்-1 பீட்டா சுரந்தது. உறங்கிய விதை முளைத்தது. துகள்களைச் சுவாசிக்கும் காலத்திலேயே இன்டர்லூக்கினைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

இந்த ஆய்விலும் சைகை அதே சைகை. உயிரணுவும் நுரையீரல் உயிரணுவே. வேறுபாடு எங்கே? ஏ549 தட்டில் உள்ளது பயணத்தை முடித்துவிட்ட உயிரணு. இங்கே ஆராயப்பட்டது பயணத்தைத் தொடங்கவிருக்கும் உயிரணு. அழற்சிச் சைகையின் பெரும்பங்கு தொடக்கத்தில் இருக்க, நாம் நெடுங்காலம் முடிவில் தேடிக்கொண்டிருந்தோம் என்று எண்ண இடமிருக்கிறது. பெருங்குடலில் கிடைத்த சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது: செலகாக்சிப், புற்றாக மாறக்கூடிய குடல் முளைகள் மீண்டும் தோன்றுவதைக் குறைப்பதாக 2006-இல் பெரிய ஆய்வுகள் காட்டின. ஆனால் இதயத்துக்கு அதனால் வரும் கேடு, அதை எல்லோருக்கும் பரிந்துரைக்க இடந்தரவில்லை.

மஞ்சளும் நம் பத்திரிகைகளும்

இந்த விமர்சனம் ஆராய்ச்சியாளர்களை மட்டும் குறித்தது அன்று. அறிவியலை மக்களுக்கு எழுதும் நம்மையும் குறித்தது. மஞ்சளிலுள்ள குர்குமின், தட்டில் உள்ள புற்றுநோய் உயிரணுக்களில் என்.எஃப். காப்பா-பியையும் காக்ஸ்-2-ஐயும் அடக்குவதாகப் பல கட்டுரைகள் உண்டு. அதை வைத்து ‘மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று எழுதிவிடுகிறோம். குர்குமின் குடலிலிருந்து மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. உடலின் காரத் தன்மையில் விரைவில் சிதைகிறது. பல சோதனை முறைகளையே ஏமாற்றி, செயல் இருப்பது போலப் பொய்த்தோற்றம் காட்டவும் வல்லது. 2017-இல் மருந்து வேதியியல் ஏடொன்றில் வந்த விரிவான மதிப்பீடு இவற்றை எடுத்துக்காட்டி, வெற்று மருந்துடன் ஒப்பிட்டு முறையாக நடத்தப்பட்ட ஆய்வு எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று கூறியது. சமையலில் மஞ்சள் இருக்கட்டும், அதில் தடையில்லை. ஆனால் நம் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு நோயாளி மருத்துவமனைக்குப் போவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்?

படிக்கும்போது கேட்க வேண்டியவை

மாணவர்கள் இனி இத்தகைய செய்தியைப் படிக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பழகலாம்.

ஒன்று: சோதனை நடந்தது தட்டிலா, விலங்கிலா, மனிதரிடமா? இரண்டு: தட்டில் என்றால் எத்தனை வகை உயிரணுக்களில்? ஒன்றே ஒன்றில் என்றால் அது ஒரே ஒரு மனிதரின் கதை. மூன்று: அளந்தது தூது ஆர்.என்.ஏ.வையா, நொதியின் அளவையா, நொதியின் செயலையா? இம்மூன்றும் எப்போதும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. நான்கு: சேர்த்த பொருளின் அளவு மனித உடலில் எட்டக்கூடியதா? ஐந்து: நொதி அடங்கியதால் உயிரணு இறந்ததா, அல்லது நொதி மட்டும்தான் அடங்கியதா?

இவற்றுக்கு விடை கிடைக்காத செய்தியைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ‘இன்னும் தொடக்கத்தில் உள்ளது’ என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

அழற்சிக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவு மெய்யானது. 1863 முதல் இன்று வரை வந்த சான்றுகள் அதை வலுப்படுத்தியே வந்துள்ளன. நொதியை அடக்கும் மாத்திரை ஒருநாள் சரியான ஆளுக்கு, சரியான காலத்தில் பயன்படவும் கூடும். அதுவரை, சைகை எழாமல் தடுக்க நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: புகையிலைப் புகையை விடுவதும், காற்றைத் தூய்மையாக வைத்திருப்பதும். நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. 2009-இல் இந்தியா வகுத்த வரம்போ 40. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கும் வேலை எந்தச் சோதனைத் தட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.